ஸ்க்ரப் டைஃபஸ்: வலிக்காத ஒரு கடியின் வரலாறு

பூச்சி கடித்தால் எப்போது டாக்டரிடம் போகணும் என்று இன்பாக்ஸில் நிறைய பேர் கேட்கிறீர்கள். குளவியோ தேனீயோ கொட்டி மூச்சுத்திணறல் வந்தால், உதடு நாக்கு வீங்கினால், உடம்பெல்லாம் தடித்துத் தலை சுற்றினால் அந்த நிமிஷமே கிளம்புங்க. அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இந்தத் திரெட் வேறொரு கடியைப் பற்றியது. வலிக்காது. கடித்ததே தெரியாது. ஏறக்குறைய பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும்போது, புல்வெளியில் உட்கார்ந்த ஞாபகம்கூட உங்களுக்கு இருக்காது.

நம்ம பத்திரிகைகளில் இதை 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுகிறார்கள். உடனே மாட்டு உண்ணியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது அதைவிட மிகச் சிறியது, கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். கறாராகச் சொன்னால் பூச்சியே இல்லை, சிலந்தியின் தூரத்துச் சொந்தம். கடிப்பதும் இதன் குட்டிப் பருவம் மட்டும்தான். வளர்ந்தது நம்மைச் சீண்டாது.

4-ஆம் நூற்றாண்டிலேயே சீனாவின் கெ ஹொங் என்ற மருத்துவர், தோலுக்குள் நுழையும் குட்டிச் சிவப்புப் பூச்சியையும் அதைத் தொடர்ந்து வரும் காய்ச்சலையும் எழுதி வைத்திருக்கிறார். ஜப்பானில் நீகாட்டா, அகிட்டா பக்கத்து ஆற்றோரங்களில் கோடையில் வேலைக்குப் போனவர்கள் இதே காய்ச்சலில் செத்தார்கள். ஜனங்கள் பயந்து அந்தப் பூச்சிக்கே சின்னக் கோயில் கட்டினார்கள். அம்மைக்கு மாரியம்மனைக் கும்பிட்ட நமக்கு இதில் என்ன ஆச்சரியம்? நோயின் ஜப்பானியப் பெயர் 'சுட்சுகாமுஷி', அதாவது ஆபத்தான பூச்சி. கிருமியின் அறிவியல் பெயரிலும் இன்றுவரை அதுதான் இருக்கிறது.

அடுத்தது மலாயா. காட்டை அழித்து எண்ணெய்ப்பனை போட்ட தோட்டங்களில் 1920-களில் ஒரு காய்ச்சல் பரவியது. மலாயாத் தோட்டங்களில் நம்ம ஜனங்கள் எவ்வளவு பேர் உழைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் அவருடைய சகாக்களும் இதையும் நகரக் கடைவீதியில் வரும் டைஃபஸையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். அதற்கு உதவியது, கிங்ஸ்பரி என்ற டாக்டர் லண்டனிலிருந்து கொண்டுவந்த ஒரு பாக்டீரியா. வெயில்-ஃபெலிக்ஸ் டெஸ்ட் ரிப்போர்ட்டில் 'ஓஎக்ஸ்-கே' என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். அந்த 'கே' அவர்தான்!

இரண்டாம் உலகப் போரில் பர்மா, அஸ்ஸாம் காடுகளில் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் படுத்தார்கள். துணியில் மருந்து தடவிப் பூச்சியை விரட்டலாம், அவ்வளவுதான். காய்ச்சல் வந்துவிட்டால் கொடுக்க மருந்து கிடையாது. சில இடங்களில் நூற்றில் ஒருவர்கூடச் சாகவில்லை. சில இடங்களில் முப்பது பேர் வரை செத்தார்கள்.

மருந்து 1948-இல் வந்தது. வெனிசுலா மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து அப்போதுதான் பிரித்தெடுத்திருந்த குளோரம்பெனிகாலை எடுத்துக்கொண்டு ஸ்மேடல், உட்வர்ட் ஆகிய அமெரிக்க டாக்டர்கள் கோலாலம்பூர் வந்தார்கள். அங்கிருந்த லூத்வெயிட், சாவூர் ஆகியோருடன் சேர்ந்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்கும் காய்ச்சல் ஓரிரு நாளில் இறங்கியது.

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. ஸ்க்ரப் டைஃபஸ் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் டைபாய்டு நோயாளியும் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அதுவும் குணமானது! டைபாய்டுக்கு முதல் மருந்து இப்படித்தான் கிடைத்தது.

அதற்குப் பிறகு பல வருஷம் நம்ம ஊரில் நீண்ட காய்ச்சல் என்றாலே 'டைபாய்டு' என்று குளோரம்பெனிகால் கொடுத்தார்கள். அதில் எத்தனை பேருக்கு உண்மையில் ஸ்க்ரப் டைஃபஸ் இருந்ததோ, அவர்களும் தெரியாமலே பிழைத்தார்கள். இன்று டைபாய்டுக்குப் போடுவது செஃப்ட்ரியாக்சோன் மாதிரி ஊசிகள். நல்ல மருந்துதான், ஆனால் ஸ்க்ரப் டைஃபஸ் கிருமியிடம் எடுபடாது. முன்பு தப்பாகக் கணித்தாலும் நோயாளி தப்பித்தார், இப்போது அந்த வசதி இல்லை. ஒழிந்துபோனதாக நாம் நினைத்த நோய் மறுபடி தலைகாட்டியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

தாமதத்தின் விலை என்ன? வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. 7 ஆஸ்பத்திரிகள், நோய் முற்றிய 794 பேர். மரணம், ஒரு வாரமாகியும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளும் விடாத காய்ச்சல், இதில் ஏதாவது ஒன்று நடந்தது டாக்ஸிசைக்ளின் மட்டும் கொடுத்தவர்களில் 47%, அசித்ரோமைசின் மட்டும் கொடுத்தவர்களில் 48%. இரண்டையும் சேர்த்து ஏற்றியபோது 33%. நல்ல முன்னேற்றம். ஆனால் இறப்பு மட்டும் தனியாகப் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. நுரையீரல், கிட்னி, மூளை என்று இறங்கிய பிறகு எந்த மருந்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஆரம்பத்தில் வந்தால் பெரும்பாலோருக்கு விலை மலிவான டாக்ஸிசைக்ளின் மாத்திரையே போதும். (கடையில் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்வதற்காக இதைச் சொல்லலை! கர்ப்பிணிகளுக்கு மருந்தே வேறு.)

அதனால் வயல், புதர், தோட்டம், மலையேற்றம் என்று போய் வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், முக்கியமாக மழைக்காலத்திலிருந்து பனிக்காலம் வரை, உடம்பை முழுசாகப் பாருங்க. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்துக்குக் கீழே, பாவாடை நாடா கட்டும் இடம், காதுக்குப் பின்னால். சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலியோ அரிப்போ இருக்காது. மாநிறத் தோலில் கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். கூச்சத்தால் யாரும் காட்டாத இடங்களில்தான் அது பெரும்பாலும் ஒளிந்திருக்கும், டாக்டரும் அவசரத்தில் கேட்காமல் விடலாம். நீங்களே சொல்லுங்க.

பொருக்கு இல்லையென்றால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல. பலருக்கு வராது. தலைவலியோடு காய்ச்சல் மூணு நாளைத் தாண்டினால் போய் "ஸ்க்ரப் டைஃபஸ் பார்த்துடலாமா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்க. மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ மூணு நாள் கணக்கெல்லாம் பார்க்காதீங்க, நேராக பெரிய ஆஸ்பத்திரிதான்.