சேலம் ஜவ்வரிசித் தொழில்: பருவமும் செயல்முறை வலைப்பின்னலும்

ஒரு மூலப்பொருள் எந்தெந்த வேலைகளைக் கடந்து விற்பனைப் பொருளாகிறது என்பதைப் புள்ளிகளாலும் கோடுகளாலும் காட்டும் படமே செயல்முறை வலைப்பின்னல். கணிதத்தில் இத்தகைய படத்தைக் கோட்டுரு என்பர். வரத்தும் தேவையும் மாதத்துக்கு மாதம் மாறும்போது அந்த வலைப்பின்னலைக் குறைந்த செலவில் நடத்தும் வழியைக் கண்டறிவது பல்பருவ உகப்பாக்கம் எனப்படும். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஜவ்வரிசித் தொழில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தொடக்கம்

ஜவ்வரிசி முதலில் தென்கிழக்கு ஆசியாவின் சேகோ பனையின் சோற்றிலிருந்து செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அப்பகுதி ஜப்பானியர் வசமானதும் இறக்குமதி நின்றது. சேலம் வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் என்பவரின் துணையுடன், 1943இல் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினார் என்று இத்தொழிலின் வரலாறு கூறுகிறது. பின்னர் ஆத்தூர், ராசிபுரம் வட்டாரங்களில் ஆலைகள் பெருகின.

கிழங்கு முதல் ஜவ்வரிசி வரை

கிழங்கைக் கழுவித் தோலுரித்து அரைத்துச் சலிக்கிறார்கள். சக்கையாகிய திப்பி கால்நடைத் தீவனமாகிறது. மாவுப்பால் தொட்டியில் படிகிறது. படிந்த ஈரமாவைக் காயவைத்தால் ஸ்டார்ச். குருணையாக உருட்டி வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி.

இங்கு பொருள்கள் ஒரு வகைப் புள்ளி, வேலைகள் மற்றொரு வகைப் புள்ளி. இவ்வாறு இருவகைப் புள்ளிகளால் ஆலையை வரையும் பி-கோட்டுரு முறையை ஹங்கேரியின் ஃபெரென்ட்ஸ் ஃபிரிட்லர், அமெரிக்காவின் எல். டி. ஃபான் ஆகியோர் அடங்கிய குழு 1992இல் விதிகளோடு வெளியிட்டது. பிற்காலத்தில் இம்முறை பல பருவங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

காலத்தைக் கடக்கும் கோடு

ஓடும் பொருளுக்குக் காலத்தையும் சேர்த்து வரையும் முறையை ஃபோர்டும் ஃபல்கர்சனும் 1958இலேயே காட்டியிருந்தனர். ஒவ்வொரு மாதத்துக்கும் வலைப்பின்னலை ஒருமுறை வரைய வேண்டும். சேமித்து வைக்கக்கூடிய பொருளுக்கு மட்டும் இந்த மாதத்திலிருந்து அடுத்த மாதத்துக்கு ஒரு கோடு போடலாம்.

பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கும். ஆகவே அதற்கு அந்தக் கோடு இல்லை. உலர்ந்த ஸ்டார்ச்சுக்கும் ஜவ்வரிசிக்கும் உண்டு.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். முதல் மாதம் 200 மூட்டை மாவுக்குரிய கிழங்கு வருகிறது; அடுத்த மாதம் ஒன்றும் இல்லை. சந்தைக்கு மாதம் 100 மூட்டை வேண்டும். சராசரி பார்த்தால் மாதம் 100 மூட்டைத் திறனுள்ள ஆலை போதும் என்று தோன்றும். ஆனால் கிழங்கு காத்திராது. முழு வரத்தையும் பயன்படுத்த 200 மூட்டைத் திறனும், 100 மூட்டைக்குக் கிடங்கும் தேவை. பெரிய எந்திரமும் கிடங்கும் கேட்கும் செலவு எவ்வளவு, அரைக்காமல் விட்ட கிழங்கால் வரும் நட்டம் எவ்வளவு என்று ஒப்பிட்டு முடிவு செய்வதே உகப்பாக்கம்.

கூட்டுறவுக் கிடங்கு

கிடங்கும் கைமுதலும் இல்லாத சிறு ஆலைகள் சரக்கை வைத்திருக்க முடியாமல் இடைத்தரகர் சொன்ன விலைக்கு விற்க நேர்ந்தது. இந்நிலையை மாற்ற 1981இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் அமைக்கப்பட்டது. உறுப்பினர் சரக்கைக் கிடங்கில் வைக்கலாம். அதன்பேரில் முன்பணம் பெறலாம். ஒப்பந்தப்புள்ளி முறையில் விற்கலாம். கோட்டுருவின் மொழியில் சொன்னால், சிறு ஆலைகளிடம் இல்லாத காலக்கோட்டைச் சங்கம் வரைந்து கொடுத்தது. சேலம் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

உழவரின் நிலை

உழவருக்குள்ள ஒரே சேமிப்பு, கிழங்கைப் பிடுங்காமல் மண்ணிலேயே விட்டு வைப்பது. அதுவரை நிலத்தில் அடுத்த பயிர் வைக்க முடியாது. மழை பெய்தால் மாவுச்சத்தும் குறையக்கூடும். இங்கு கிழங்குக்கு மாவுச்சத்தின் பாயிண்ட் கணக்கில்தான் விலை. பாயிண்ட் இறங்கினால் வருமானமும் இறங்கும். எனவே வரத்து குவியும் மாதங்களில் விலைச்சரிவின் சுமை பெரும்பாலும் அவர்மேல் விழுகிறது. ஒரு தொழிலின் வலைப்பின்னலை வரையும் மாணவர், ஆலையின் வாயிலில் தொடங்காமல் வயலிலிருந்தே தொடங்க வேண்டும். காத்திருக்க யாரால் முடியும், யாரால் முடியாது என்பது அப்போதுதான் படத்தில் தெரியும்.