துவக்கு மருந்து: செய்வதா, வாங்குவதா?

அமெரிக்கா போன்ற நாடுகளில் வேட்டைக்காரர் சிலர் சுட்ட தோட்டாவின் கோதை வீசமாட்டார்கள். மருந்தும் சன்னமும் வாங்கி வீட்டிலேயே திரும்ப நிரப்புவார்கள். கடைத் தோட்டாவை விட இது மலிவா, கருவிகளுக்குப் போட்ட காசு எப்போது திரும்பும் என்று கணக்குப் பார்ப்பார்கள். எங்கள் நாட்டில் ஓர் அரசே இப்படியொரு கணக்கில் மாட்டியிருக்கிறது. அதில் கைவிட்டுப் போனது நாம் குடியிருக்கும் இந்தக் கொழும்பு.

போர்த்துக்கேயரை விரட்ட கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் 1638இல் ஒல்லாந்தருடன் ஒப்பந்தம் செய்தான். கப்பலும் ஆளும் ஆயுதமும் அவர்களுடையது. செலவை மன்னன் கறுவா, மிளகு, மெழுகு, யானை என்று பொருளாகத் தீர்க்க வேண்டும். 1656 மே மாதம் கொழும்புக் கோட்டை விழுந்தது. ஒல்லாந்தர் அதை மன்னனிடம் கொடுக்கவில்லை. பாக்கி இன்னும் தீரவில்லை என்றார்கள்! 1796 வரை, 140 வருடம், அவர்களே வைத்திருந்தார்கள்.

மலையில் மருந்து செய்வது எப்படி நடந்தது? 1816 முதல் 1820 வரை இங்கிருந்த இராணுவ வைத்தியர் ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். மெமூரா என்று அவர் குறிப்பிடும் குகையின் பாறைப் பொடியை மரச்சாம்பலோடு கலந்து, தண்ணீர் ஊற்றி வடித்து, காய்ச்சி வெடியுப்பு எடுத்தார்கள். வேலை செய்தவர்கள் 16 பேர். மன்னர் காலத்தில் ஆளுக்கு ஒரு சுமை, சுமார் 60 இறாத்தல், அரச களஞ்சியத்துக்குக் கொடுக்க வேண்டும். மருந்தில் வெடியுப்பு 5 பங்கு, கந்தகம் 1, கரி 1.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 பேருக்கும் 960 இறாத்தல் வெடியுப்பு. அதற்கு 192 இறாத்தல் கந்தகமும் அதேயளவு கரியும் சேர்த்தால் 1,344 இறாத்தல் மருந்து. மன்னன் பணமாகக் கூலி கொடுக்கவில்லை, இராஜகாரியம். காணியை அனுபவிப்பவன் அதற்கு வேலை செய்ய வேண்டும். பணக் கணக்கில் மட்டும் பார்த்தால், பீகாரிலிருந்து கப்பல் கப்பலாக வெடியுப்பு ஏற்றிய ஆங்கிலேயக் கம்பனியோடு இந்த 16 பேரால் போட்டி போட முடியாது. ஆனால் விற்பவனே கரையைப் பிடித்து வைத்திருக்கும்போது அந்த மலிவு விலையால் என்ன பயன்?

வெடியுப்பு குகையில், கரி காட்டில். சிக்கல் கந்தகத்தில்தான். மன்னனிடம் சுமார் 19 வருடம் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், கந்தகமும் இங்கே இருக்கிறதாகச் சிலர் சொல்கிறார்கள், ஆனால் அதைக் கண்டுபிடிக்க மன்னன் விடமாட்டான் என்கிறார். இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். எரிமலை இல்லாத தீவு இது. வெளியிலிருந்து வந்திருந்தால் கரை வழியாகத்தான் வந்திருக்க முடியும். 1766 ஒப்பந்தத்தோடு அந்தக் கரை முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனது.

192 இறாத்தல் என்பது ஒன்றிரண்டு பொதி மாடுகளின் பாரம். உப்பும் கருவாடும் புடவையும் ஏற்றிக்கொண்டு கரைக்கும் மலைக்கும் தவளம் ஓட்டியவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். கண்டி அரசின் பொதிமாட்டுப் பிரிவான மடிகே பத்தவில் சேவை செய்தவர்களும் அவர்களே. அந்தப் பொதிகளுக்குள் கந்தகமும் போயிருக்கும் என்பது என் ஊகம்.

தவளம் பற்றி உம்மும்மாமார் சொன்ன கதை யாருக்காவது ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.