ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு இடையே மாறிகள்: ஒரு வரலாறு

யுனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளங்களில் நாம் தட்டச்சு செய்யும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்தால் அது ஷெல் ஸ்கிரிப்ட். ஒரு ஸ்கிரிப்ட் இன்னொன்றை அழைக்கும்போது தன் மாறிகளை அதற்குக் கொடுக்கலாம். அழைக்கப்பட்டது அவற்றை மாற்றினால், அந்த மாற்றம் அழைத்த ஸ்கிரிப்டுக்குத் திரும்பி வராது.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் இதில் ஓர் இரவு ஷிஃப்டையே தொலைத்தார். எத்தனை கோப்புகள் நகலாயின என்று ஒரு ஸ்கிரிப்ட் எண்ணியது. அதை அழைத்த ஸ்கிரிப்டில் அந்த மாறி வெறுமையாக இருந்தது. "எக்ஸ்போர்ட் போட்டும் பார்த்துட்டேன் சார், எங்கே தப்பு?" என்றார். கட்டளையில் தப்பு இல்லை. யுனிக்ஸ் பிறந்த விதம் அப்படி.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் பிடிபி-7 என்ற கணினியில் யுனிக்ஸை எழுதத் தொடங்கினார். தொடக்கத்தில் ஒரு முனையத்துக்கு ஒரே ஒரு புராசஸ்தான். கட்டளை வந்ததும் அது ஷெல் இருந்த நினைவகத்தில் வந்து உட்காரும். வேலை முடிந்ததும் ஷெல் புதிதாக ஏற்றப்படும். பின்னர் ஃபோர்க் வந்தது. இயங்கும் புராசஸை அப்படியே நகலெடுத்து ஒரு சேயை உண்டாக்கும் வசதி இது. பிடிபி-7-ல் அதற்கு 27 வரி அசெம்பிளி நிரலே போதுமாக இருந்தது என்று டென்னிஸ் ரிட்சி பதிவு செய்திருக்கிறார்.

அவர் சொல்லும் இன்னொரு செய்தி நமக்கு முக்கியம். ஃபோர்க் வந்ததும், அதுவரை ஒழுங்காக வேலை செய்த கோப்புறை மாற்றும் கட்டளை திடீரென்று பயனற்றுப் போயிற்று. கட்டளை சேயில் ஓடியது, சேயின் கோப்புறையை மாற்றியது, சேயோடு மறைந்தது. தாயான ஷெல் இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில் அந்தக் கட்டளையை ஷெல்லுக்கு உள்ளேயே வைத்தார்கள். என் மாணவரின் சிக்கலும் இதுவே. சேய்க்குக் கிடைப்பது ஜெராக்ஸ் பிரதி. பிரதியில் திருத்தினால் மூலம் மாறுமா?

1971-ல் வந்த தாம்ப்சன் ஷெல்லில் பெயருள்ள மாறிகளே கிடையாது. எழுபதுகளின் நடுவில் ஜான் மேஷி ஒற்றை எழுத்து மாறிகளைச் சேர்த்தார். 1979-ல் ஏழாம் பதிப்பு யுனிக்ஸோடு வெளிவந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்தான் இன்றைய வழக்கத்துக்கு அடித்தளம். எக்ஸ்போர்ட் செய்த மாறிகள் 'சூழல்' என்ற பட்டியலாகச் சேய்க்குப் போகும். போக்கு மட்டும் உண்டு, வரத்து இல்லை.

திரும்பி வருவது வெளியேற்ற மதிப்பு என்னும் ஓர் எண். 0 என்றால் வெற்றி, மற்றவை தோல்வி. (வெற்றி ஒரே வகை, தோல்வி பல வகை என்பதால் இந்த ஏற்பாடு எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.) இதற்கு 8 பிட் இடம்தான், அதாவது 0 முதல் 255 வரை. எண்ணிக்கையை இதன் வழியே அனுப்ப முயன்றால் 300 என்பது 44 ஆகிவிடும்! எண்ணிக்கை, பெயர் போன்றவற்றைச் சேய் திரையில் அச்சிடுவதுபோல் அச்சிட, தாய் அதைப் பிடித்து மாறியில் வைத்துக்கொள்வதே முறை. போர்ன் ஷெல்லில் இதற்குப் பின்சாய்ந்த மேற்கோள் குறி. டாலரும் அடைப்புக்குறியும் கொண்ட இன்றைய வடிவம் டேவிட் கோர்னின் ஷெல்லில் வந்தது.

இன்னொரு வழி, புள்ளிக் கட்டளை. ஸ்கிரிப்டின் பெயருக்கு முன் ஒரு புள்ளியும் இடைவெளியும் இட்டால் சேய் உண்டாகாது. அழைத்த ஷெல்லே அதைப் படித்து இயக்கும், மாறிகள் நிலைக்கும். என் மாணவருக்கு இதுவே கைகொடுத்தது. ஆனால் அழைக்கப்பட்ட ஸ்கிரிப்டில் எக்ஸிட் இருந்தால் அழைத்ததும் சேர்ந்து முடிந்துவிடும். கவனம் தேவை.

1989-ல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பேஷ் ஷெல் ஒரு படி மேலே போய், செயற்கூறுகளையும் சூழல் மாறி வழியாகச் சேய்க்கு அனுப்பியது. மாறியின் மதிப்பு செயற்கூறு போலத் தொடங்கினால் பேஷ் அதை நிரலாகவே படித்தது. செயற்கூறு முடிந்த பிறகும் நிற்காமல், பின்னால் ஒட்டியிருந்த கட்டளைகளையும் இயக்கியது. இணைய வழங்கிகள் பலவும் பார்வையாளர் அனுப்பும் விவரங்களைச் சூழல் மாறிகளில் வைத்தே ஸ்கிரிப்டுகளை அழைத்ததால், முன்பின் தெரியாத ஒருவர் அந்தக் கணினியில் தன் கட்டளையை ஓட்ட முடிந்தது. ஸ்டெஃபான் ஷாஸெலா கண்டுபிடித்த இந்த ஓட்டை 2014 செப்டம்பர் 24 அன்று வெளியே தெரிந்தது. ஷெல்ஷாக் என்று பெயர் பெற்றது. முதல் திருத்தம் போதாமல் அடுத்தடுத்து வேறு திருத்தங்கள் வந்தன. இப்போது பேஷ், தனி முன்னொட்டு கொண்ட பெயருள்ள மாறிகளை மட்டுமே செயற்கூறாக ஏற்கிறது.