கள்ளுக்கடை வழி

பெக்கான் நானாஸில் கள்ளுக்கடை இருந்த வாசலினின்று புறப்பட்டு, கொட்டும் மழையில் அன்னாசித் தோட்டங்களைச் சுற்றி, அவ்வாசலுக்கே மீண்டோம்.

முற்காலத் தோட்டத் தொழிலாளியின் கூலியும் இவ்வாறே சுற்றியதன்றோ! நிர்வாகத்தினின்று புறப்பட்ட கூலி, கள்ளுக்கடை வழியே அங்கேயே மீண்டது. அக்கடை இலாபத்தைக் கொண்டே பல தோட்டங்களில் அவனுக்கு ‘நலன்’ செய்யப்பட்டது. கொடுத்தவன் தானே என்பதை அவன் அறிந்தானில்லை.

அறிந்தவரும் இருந்தனர். 1941-இல் ஆர். எச். நாதன் முதலியோர் வழிநடத்திய கிள்ளான் வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வுடன் கள்ளுக்கடைகளை மூடுமாறும் தொழிலாளர் கோரினர். 1947-இல் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை அக்கடைகளை எதிர்த்து நின்றது. துப்பாக்கியும் சிறையுமே மறுமொழியாயின.

தோழர்களே! சம்பளக் கணக்கெழுதும் கிராணிமாராகிய நாமும் குடிப்பவனையே பழித்தோம். கடையை வைத்தவன் கணக்கைப் பார்த்தோமில்லை.