மிகுதி மாடுகள்

'மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை தடவை திட்டு வாங்கியிருப்போம். சேரிப் பிள்ளைக்கு அது அப்பனும் பாட்டனும் பார்த்த வேலை. மாடுதான் நம்முடையதில்லை. அதனாலேயே ரொடீசியாவின், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயின் மேய்ச்சல் வரலாற்றை வெறும் விவசாய விஷயமாக என்னால் படிக்க முடியவில்லை.

1893இல் சிசில் ரோட்ஸின் கம்பெனிப் படை இண்டெபெலே மக்களைத் தோற்கடித்தது. நிலத்தோடு மாட்டையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். 1896இல் வெக்கை நோய் வந்தது. நோயைத் தடுக்கிறோம் என்று நல்ல மாட்டையும் சுட்டார்கள். அந்த வருடம் சனங்க கிளர்ந்தெழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1930 நிலப்பங்கீட்டுச் சட்டம் ஏறத்தாழ 50,000 வெள்ளையருக்குப் பாதி நாட்டை எழுதிவைத்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பர்களுக்கு ஒதுக்கப்பட்டதில் பெரும்பகுதி மணல் பூமி.

முன்பெல்லாம் பருவம் பார்த்துத் தூரத்து மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவார்கள். 'லகிசா' என்று பேர். வேலி வந்ததும் அந்த ஓட்டம் நின்றது. ஒரே இடத்தில் மேய்ந்து புல் அத்துப்போனதும் அரசாங்கம் என்ன சொன்னது? உங்ககிட்ட மாடு அதிகம்! 1951 சட்டம் ஒரு குடும்பத்துக்கு இத்தனை உருப்படிதான் என்று வரம்பு கட்டியது. மிகுதியை வித்தாகணும். சனங்க எதிர்த்தார்கள், 1960களின் தொடக்கத்தில் சட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

புலவாயோவில் பிறந்த வெள்ளையர் ஆலன் சேவரி. யானை மிகுந்துதான் நிலம் வறள்கிறது என்று 1950களில் அவர் சொல்லப்போய், அடுத்த வருடங்களில் சுமார் 40,000 யானைகளைச் சுட்டார்கள். நிலம் இன்னும் கெட்டது. தன் வாழ்நாளின் பெருந்தவறு அது என்று 2013இல் ஒப்புக்கொண்டார். அவருடைய 'முழுமை' மேய்ச்சல் 1960களில் தொடங்கியது. மந்தையை நெருக்கமாக விடு, சீக்கிரம் நகர்த்து, புல்லுக்கு நீண்ட ஓய்வு கொடு. எத்தனை மாடு என்பதல்ல, எவ்வளவு காலம் நிற்கிறது என்பதே கேள்வியாம்.

விஞ்ஞானிகள் முழுசாக ஏற்கவில்லை. சுழற்சி மேய்ச்சலுக்கும் ஒரே இடத்து மேய்ச்சலுக்கும் விளைச்சலில் பெரிய வித்தியாசமில்லை என்று 2008இல் பழைய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மாடு விடும் மீத்தேனை மண் ஈடுகட்டிவிடாது என்றது 2017இல் ஆக்ஸ்போர்டு அறிக்கை. இருக்கட்டும். எனக்கு உறுத்துவது வேறு. எண்ணிக்கை குற்றமில்லையென்றால், 1951இல் வித்த மாட்டுக்கு யார் பதில் சொல்வது? நகர்த்து என்பதைத்தானே 'லகிசா'க்காரன் செய்துகொண்டிருந்தான்! அவனை யாரும் நிபுணன் என்று கூப்பிடவில்லை.

விக்டோரியா அருவிக்குப் பக்கத்தில் டிம்பங்கோம்பே என்ற இடத்தில் சேவரியின் முறைப்படி மேய்க்கிறார்கள். உள்ளே வேலியில்லை. பகலில் மேய்ப்பர்கள் மந்தையோடு நடக்கிறார்கள். சிங்கத்துக்குப் பயந்து ராத்திரி பட்டியில் அடைக்கிறார்கள். நம்ம ஊர்க் கிடைபோல அந்தப் பட்டியை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.