பழைய ஜீப்பும் புதிய நெடுஞ்சாலையும்



வரலாறு என்றவுடன் மன்னர்களையும் போர்களையும் நினைப்பது நம் வழக்கம். பொறிகளுக்கும் வரலாறு உண்டு. பின்புறம் சரக்குத் தொட்டி பொருத்திய பழைய ஜீப் ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு ஓட்டிச் செல்ல விரும்பிய என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். "ஐயா, எந்த எஞ்சினை வைத்தால் சுகமாகப் போகலாம்?" என்று கேட்டார். அதற்கு நான் கூறிய விடையே இன்றைய பேச்சின் பொருள்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941ஆம் ஆண்டு முதல், அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. 60 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின். முன்னோக்கிச் செல்ல மூன்று கியர்கள். சேறும் மேடும் கடந்து படைவீரரைச் சுமப்பதே அதன் கடமை. போர் முடிந்த 1945இல் உழவர்க்கென ஒரு ஜீப் வெளிவந்தது. நம் நாட்டில் மகிந்திரா நிறுவனத்தார் 1940களின் இறுதியில் வில்லிஸ் வண்டிகளின் உறுப்புகளை வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கினர். வயலுக்கும் காட்டுக்கும் ஏற்ற வண்டி அது, நெடுஞ்சாலைக்கென்று பிறந்ததன்று.

காரணம் யாது? மிதிவண்டியை எண்ணிப் பாருங்கள். பின்சக்கரத்தின் பல்வட்டம் பெரிதாயின் மேடேறுவது எளிது. சமநிலத்திலோ கால்கள் ஓயாமல் சுழலும், வண்டி விரையாது. ஜீப்பும் அவ்வாறே. உழவர் ஜீப்பின் அச்சில் உள்ள கிரவுன், பினியன் என்னும் பற்சக்கரங்களின் விகிதம் 5.38. அஃதாவது, மூன்றாம் கியரில் சக்கரம் ஒருமுறை சுழல, எஞ்சின் 5.38 முறை சுழல வேண்டும். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல, எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,260 முறை சுழலும் என்பதை நீங்களே கணக்கிட்டு அறியலாம். அந்த எஞ்சினின் முழுத்திறன் வெளிப்படுவதோ 4,000 சுழற்சியில். எனவே ஓட்டுநரின் செவி இரைச்சலால் அடைபடும், எரிபொருள் வீணாகும், எஞ்சினும் விரைவில் தேயும்.

இக்குறையை நீக்க வழி கண்டவர் பலர். 1934இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் ஏர்ஃப்ளோ காரில் ஓவர்டிரைவ் என்னும் துணைக் கியர் அமைந்தது. ஓவர்டிரைவ் ஒன்று சுழற்சியைக் காற்பங்கு குறைக்குமாயின், மேற்சொன்ன 3,260 என்பது 2,445 ஆகிவிடும், வேகமோ குறையாது. நம் நாட்டில் 1957இல் வெளிவந்த அம்பாசடர் காருக்கு, 1990களின் தொடக்கத்தில், ஜப்பானிய இசுசு எஞ்சினும் ஐந்து கியர்களும் வாய்த்தன. உடல் பழையதாயினும், 2014 வரை அக்கார் உற்பத்தியில் நிலைத்தமைக்கு இம்மாற்றமும் துணை நின்றது.

ஜீப்பின் நெஞ்சை மாற்றிய பெருமையில் பிரான்சு நாட்டுக்கும் பங்குண்டு என்பது புதுச்சேரி மாணவர்க்குச் சுவை தரும். காப்பிக் கொட்டையும் மிளகும் அரைக்கும் கைப்பொறிகள் செய்து புகழ்பெற்ற பெஜோ நிறுவனத்தின் டீசல் எஞ்சினைச் செய்ய மகிந்திரா 1979இல் உரிமம் பெற்றது. அதன் பெயரில் உள்ள 4.90 என்பதில் 4 உருளைகளின் எண்ணிக்கை. 90 ஒவ்வோர் உருளையின் உள்விட்டம், மில்லிமீட்டரில். 1980களின் ஜீப்புகளில் இவ்வெஞ்சினோடு நான்கு கியர்ப் பெட்டியும் சேர்ந்தது. எஞ்சினும் கியரும் ஒன்றற்கொன்று பொருந்த மாறின என்பதைக் கருதுக.

பொருத்தம் தவறினால் என்னாகும் என்பதற்குச் சென்னையே சான்று. 1985இல் ஸ்டாண்டர்டு நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்னும் காரை வெளியிட்டது. உடல், இங்கிலாந்தின் ரோவர் காரினுடைய எழிலார்ந்த உடல். எஞ்சினோ 1940களின் இறுதியில் வந்த வான்கார்டு காரின் வழித்தோன்றல். மூன்றாண்டுக்குள் அதன் உற்பத்தி நின்றது.

இனி என் குடும்பத்து நிகழ்ச்சி ஒன்று. நான் கல்லூரியில் பயின்ற நாளில், என் சித்தப்பா ஒரு ஜீப் பிக்கப்பில் திண்டிவனத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்வார். பெட்ரோல் செலவு தாங்காமல், வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சினைப் பொருத்தினார். டீசல் எஞ்சின் மெதுவாகச் சுழல்வது. ஆதலின் வேகம் 50 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பின்னர் கிரவுன், பினியனையும் மாற்றினார். வண்டி 70 கிலோமீட்டர் வேகத்தில் இனிது ஓடிற்று, இரைச்சலும் அடங்கிற்று. அவர் மகிழ்ச்சிக்கு அளவில்லை. பிரேக்குகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். மழை பெய்த ஓர் இரவில் எதிரே விளக்கில்லாத மாட்டுவண்டி ஒன்று தென்பட்டது. பிரேக்கை அழுத்தினார், வண்டி நிற்கவில்லை, மாடுகளைக் காக்க ஒடித்துத் திருப்பி, பள்ளத்தில் விழுந்தார். முறிந்த இடக்கை கடைசிவரை நேராகவில்லை. "வேகத்துக்குச் செலவு செய்தேனடா, நிறுத்துவதற்குச் செய்யவில்லை" என்று பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இதற்குரிய கணக்கு உங்கள் இயற்பியல் நூலில் உள்ளது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. 50 கிலோமீட்டர் வேகம் 70 ஆகும்போது, பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இருமடங்காகிறது. டீசல் எஞ்சினின் கூடுதல் எடையும் அதனோடு சேரும்.

ஆகவே, வந்த மாணவரிடம் நான் கூறியது இதுதான்: "முதலில் பிரேக்கையும் டயரையும் திசைத்தண்டையும் பார். அடுத்துக் கியரையும் அச்சின் விகிதத்தையும் கணக்கிடு. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியாயின், முன்னச்சும் பின்னச்சும் ஒரே விகிதத்தில் இருத்தல் வேண்டும். பதிவுச் சான்றில் எஞ்சின் மாற்றத்தை முறைப்படி பதிவு செய். எஞ்சினைப் பற்றி அதன்பின் பேசலாம்." அவர் தாளை எடுத்துக் கணக்கிடத் தொடங்கினார். நீங்களும் இன்று வீடு சென்றதும் உங்கள் மிதிவண்டியின் பற்களை எண்ணிப் பார்த்து, அந்தக் கணக்கைத் தொடங்கலாம்.