கரத்தை இழுத்த சாம்பல் நிறக் குதிரை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

குதிரைப் பந்தயம் என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது நுவரெலியாவின் ஏப்ரல் சீசன்தான். முதுகில் ஜொக்கி இருக்க குதிரைகள் பாய்ந்து வரும். குதிரையின் மேல் ஏறாமல், பின்னால் வண்டி பூட்டி ஓட்டும் பந்தயமும் உலகத்தில் இருக்கிறது. நமது மாட்டு வண்டிச் சவாரிக்கு அது சொந்தக்காரன் மாதிரி. சல்கி என்று சொல்லப்படும் இரண்டு சில்லு வண்டி, அதில் ஒரே ஒரு ஆள். முக்கியமான சட்டம் என்னவென்றால் குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக்கூடாது. ட்ரொட் பந்தயம் என்றால் ட்ரொட் நடையில்தான் ஓட வேண்டும். அதாவது முன் வலது காலும் பின் இடது காலும் ஒன்றாக எழும்பும், பிறகு மற்ற இரண்டும். நடை குழம்பிப் பாய்ச்சலாக மாறினால், ஓட்டுபவர் கயிற்றை இழுத்துப் பிடித்து மறுபடியும் நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மற்றவன் போய்விடுவான்.

இந்த விளையாட்டு அமெரிக்காவில் வளரத் தொடங்கிய காலத்தில் நாடு முழுக்கப் பேர் போன ஒரு பெண் குதிரை இருந்தது. பெயர் லேடி சஃபோக். 1833 இல் நியூயோர்க்குக்குப் பக்கத்திலுள்ள லோங் ஐலண்ட் தீவில், சஃபோக் மாவட்டத்தில் பிறந்தது. ஊரின் பெயர்தான் குதிரைக்கும் பெயர்.

அந்தத் தீவின் தென்கரையை வரைபடத்தில் பாருங்கள். நமக்கு அந்நியமாகத் தெரியாது. கடலுக்கும் ஊருக்கும் நடுவில் நீண்ட மணல் திட்டு, அதற்கு உள்ளே வாவி மாதிரி ஆழமில்லாத நீர்ப்பரப்பு, கடல் உள்ளே வர நமது முகத்துவாரம் போல ஒரு வாய். மீனும் சிப்பியும்தான் அந்தக் கரையாரின் பிழைப்பு. லேடி சஃபோக் இளமையில் இழுத்ததும் ஒரு வியாபாரக் கரத்தைதான். சிப்பிக் கரத்தை என்று சிலர், இறைச்சிக் கரத்தை என்று சிலர். எதுவானாலும் பந்தயத்துக்கென்று வளர்த்த குதிரை அல்ல. 1837 இல் டேவிட் பிரையன் என்ற, குதிரைகளை வாடகைக்கு விடும் லாயக்காரர் அதை 112 டொலர் 50 சதத்துக்கு வாங்கினார். அவரும் அதை வாடகைக்குத்தான் விட்டார். ஒரு நாள் விளையாட்டுப் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் போர்ட்டர் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் குதிரையை வாடகைக்கு விடுவது பாவம் என்று பிரையனிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு.

கரத்தைக் குதிரைக்கு அந்த ஓட்டம் எங்கிருந்து வந்தது? இரத்தத்தில் இருந்தது. லேடி சஃபோக்கின் தந்தை வழியும் தாய் வழியும் மெசெஞ்சர் என்ற ஆண் குதிரையிடம் போய்ச் சேருகின்றன. 1780 இல் இங்கிலாந்தில் பிறந்து, 1788 இல் கப்பலில் பிலடெல்பியாவுக்கு வந்த சாம்பல் நிறக் குதிரை அது. மெசெஞ்சரின் தந்தை வழியை இன்னும் ஆறு தலைமுறை பின்னால் தேடிப் போனால் நாம் நிற்பது சிரியாவின் ஹலப் நகரத்தில். அங்கே தோமஸ் டார்லி என்ற ஆங்கிலேயர் வாங்கி, 1704 இல் இங்கிலாந்துக்கு அனுப்பிய அறபுக் குதிரைதான் அந்த வம்சத்தின் மூத்தது. அறபுக் குதிரை நம் பக்கக் கடலுக்கும் பழக்கமானதுதான். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் காயல் துறையில் அறபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கியதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். மன்னாருக்கு அக்கரைதான் காயல்.

பிரையன் தன் குதிரையைப் பந்தயத்துக்கு இறக்கியது 1838 பெப்ரவரியில், லோங் ஐலண்டின் பபிலோன் என்ற ஊரில். பரிசு வெறும் 11 டொலர். லேடி சஃபோக் வென்றது. அதன் பிறகு 15 வருடங்களுக்கும் மேலாக அது ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்துப் பந்தயம் ஒரு ஓட்டத்தோடு முடிவதில்லை. ஐந்து ஓட்டத்தில் மூன்றை வெல்ல வேண்டும், அதுவும் அதே பின்னேரத்தில், நடுவில் சின்ன ஓய்வோடு. சில பந்தயங்களில் ஒவ்வொரு ஓட்டமும் இரண்டு மைல். இதைத் தெரிந்துகொண்டு கணக்கைப் பாருங்கள்: 160க்கு மேற்பட்ட பந்தயங்கள், பாதிக்கு மேல் வெற்றி, சம்பாத்தியம் சுமார் 35,000 டொலர்.

1845 ஒக்டோபரில், நியூயோர்க்குக்கு எதிர்க்கரையிலுள்ள ஹொபோகன் நகரின் பீக்கன் மைதானத்தில், வண்டி பூட்டியபடி ஒரு மைலை 2 நிமிடம் 29½ செக்கனில் லேடி சஃபோக் கடந்தது. வண்டி பூட்டிய எந்தக் குதிரையும் அதுவரை இரண்டரை நிமிடத்துக்குள் வந்ததில்லை. மணிக்கு 39 கிலோமீற்றர் அளவு வேகம். நமது பிரதான வீதியில் மோட்டார் சைக்கிள் அந்த வேகத்தில் போனால் ஏசுவோம். அன்றைய வண்டியும் இலேசானதல்ல, பெரிய மரச் சில்லுகள். காற்றடைத்த டயர் போட்ட சின்னச் சில்லு சல்கி வந்தது 1892 இல்தான். அந்த வருடமே நான்சி ஹாங்க்ஸ் என்ற பெண் குதிரை 2 நிமிடம் 4 செக்கனுக்கு வந்துவிட்டது. இன்றைய ட்ரொட் சாதனை 1 நிமிடம் 48.8 செக்கன். ஆகவே நேரங்களை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்து அந்தக் கிழக் குதிரையைக் குறைத்து எடைபோடக் கூடாது.

கிழம் என்று சும்மா சொல்லவில்லை. ஹொபோகனில் ஓடும்போது அதற்கு 12 வயது. 1849 ஜூனில், 16 வயதில், பொஸ்டனுக்குப் பக்கத்தில் கேம்பிரிட்ஜில், இம்முறை முதுகில் ஆளை ஏற்றி, ஒரு மைலை 2 நிமிடம் 26 செக்கனில் ஓடியது. அமெரிக்கப் பிள்ளைகள் இன்றும் பாடும் கிழட்டுச் சாம்பல் குதிரைப் பாட்டு லேடி சஃபோக்கைப் பற்றியதுதான் என்று பலர் சொல்வார்கள். நதானியேல் கரியர் அச்சிட்ட படங்களில் அது வீடுகளின் சுவர்களிலும் தொங்கியது.

பிரையனைப் பற்றி எழுதியவர்கள் அநேகமாக ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: சாட்டை. தானே ஓட்டுவார், திறமையாக ஓட்டமாட்டார், அடிப்பார், ஓய்வு கொடுக்கமாட்டார். எனக்கு அவரை மட்டும் வில்லனாக்க மனம் வரவில்லை. அவருடைய முதல் அந்தக் குதிரைதான். அதுதான் உழைத்தது, அவர் சாப்பிட்டார். 1851 இல் நியூ ஓர்லியன்ஸ் நகரில் அவர் மௌத்தானபோது குதிரைக்கு 18 வயது. அப்போதாவது அதை மேய விட்டார்களா? இல்லை. அதன் பிறகும் அதை ஓடவிட்டார்கள். சாட்டை கைமாறியது, அவ்வளவுதான்.

பந்தயத்தையே வெறுத்து இதை எழுதவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். அந்த ஹதீஸில் எனக்குப் பிடித்த விபரம் ஒன்று உண்டு. பந்தயத்துக்கென்று மெலியவைத்துப் பழக்கிய குதிரைகளுக்கு நீண்ட தூரம், அப்படிப் பழக்காத குதிரைகளுக்குக் குறைந்த தூரம். குதிரையின் தெம்பைப் பார்த்துத்தான் எல்லை குறிக்கப்பட்டது. ஆணி வைத்த கம்போடு சவாரி மாட்டுக்குப் பின்னால் நிற்பவர்கள் இதை ஒருதரம் வாசிக்க வேண்டும். நம்மூர் சவாரி வீடியோக்களைப் பார்த்து கைதட்டும் நாமும்தான்.

கடைசியில் லேடி சஃபோக்கை வெர்மொண்ட் மாநிலத்தின் பிரிட்போர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். குட்டி எடுக்க வேண்டும் என்பது எண்ணம். இத்தனை வருட ஓட்டத்துக்குப் பிறகு அந்த உடம்பில் குட்டி தங்கவில்லை. 1855 இல் அது செத்துப்போனது.

அது பொஸ்டனில் ஓடிய அதே 1849 இல், நியூயோர்க் மாநிலத்தில் மெசெஞ்சர் வம்சத்தில் ஹாம்பிள்டோனியன் என்ற ஆண் குட்டி பிறந்தது. வில்லியம் ரைஸ்டைக் என்ற பண்ணைக் கூலியாள் கால் ஊனமான தாய்க் குதிரையையும் குட்டியையும் சேர்த்து 125 டொலருக்கு வாங்கினார். ஹாம்பிள்டோனியன் 1,331 குட்டிகளுக்குத் தந்தையானது. இன்று அமெரிக்காவில் வண்டிப் பந்தயம் ஓடும் குதிரைகளில் ஏறக்குறைய எல்லாம் அதன் வழி வந்தவை. அந்த இனத்துக்கு ஸ்டாண்டர்ட்பிரெட் என்று பெயர். ஸ்டாண்டர்ட் என்றால் அளவுகோல். 1879 இல் பதிவேட்டுக்கு விதி எழுதியபோது அவர்கள் வைத்த அளவுகோல்: ஒரு மைல், 2 நிமிடம் 30 செக்கன். 34 வருடங்களுக்கு முன்னால் ஹொபோகனில் லேடி சஃபோக் முதன்முதலாகத் தாண்டிய அதே கோடு.